பதின்மூன்றாவது சீட்டு

ஜனவரி 21, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் முதியோர் ஐக்கியக் கூட்டம். கங்கையில் நதிக்கப்பலா, சிங்கப்பூரிலிருந்து கடல் கப்பலா என்று மூன்று வாரமாக நடந்த பேச்சு இன்று முடிந்தது. இரண்டையும் ஒப்பிட்டு நான் ஒரு கட்டுரை வாசித்தேன். நதிக்கப்பல் ஆடாது, கரை எப்போதும் கண்ணில் இருக்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் பாதி வழியைப் பேருந்தில் போக நேரும். கடல் கப்பலில் மருத்துவர் உண்டு, லிஃப்ட் உண்டு, ஆனால் ஆடும். இரண்டாவது பத்தியிலேயே அருமைநாயகம் எழுந்துவிட்டார்.

"வே ஞானம், நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள கங்கையே வத்திரும். கடல்னு எழுதிக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஐக்கியத்தின் தலைவர். நாற்பது வருடப் பழக்கம். நான் செயலாளர். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என்னிடம் வந்துவிடும்.

சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். நான்கு இரவு. ஈஸ்டர் கழித்து ஏப்ரலில்.

வீட்டுக்கு வந்து 1974ஆம் வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். மே 19. கன்னியாகுமரி. கல்யாணமாகிப் பத்தாம் நாள். தூரத்தில் ஒரு கப்பல் போயிற்று. ரெத்தினம், "ஒரு நாளு அதுல ஏறிப் போவோமா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்று பதில் சொன்னதாக எழுதியிருக்கிறேன். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அந்த டைரியை அவளிடம் காட்டலாமா என்று யோசித்தேன். அடுப்படியில் வேலையாக இருந்தாள். கப்பலிலேயே காட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

பயணக் குறிப்புகள் பதினொரு பக்கம் ஆயின. இன்று எழுதியவை: அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. கப்பல் புறப்படும் நாளன்று விமானம் ஏறக் கூடாது. ஒரு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். மருந்துகளைக் கைப்பையில் வைக்க வேண்டும், பெரிய பெட்டியைக் கப்பலில் வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைக்கு அனுப்புவார்கள். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும், தொடங்கியபின் அல்ல.

சாப்பிடும்போது ரெத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் தட்டிலேயே வைத்திருந்தாள்.

"கேக்குதியா?"

"கேக்குது, கேக்குது. காது நல்லாத்தான் இருக்கு."

சில இடங்களை இரண்டு முறை வாசித்தேன்.

பிப்ரவரி 10, சனி

சிக்கல். டிராவல்ஸ் வில்சனுக்கு ஆறு அறைதான் கிடைத்திருக்கிறது. அறைக்கு இரண்டு பேர். நாங்கள் பதின்மூன்று பேர். திருவுளச்சீட்டு போட்டு ஒருவரை விடுவது என்று முடிவு. தம்பதியருக்குச் சேர்த்து ஒரே சீட்டு போடலாம் என்றார் போதகர். அது கணக்குப்படி சரியல்ல, தனியாட்களுக்கு அநியாயம் ஆகும், ஆளுக்கொரு சீட்டுதான் நியாயம் என்று நான் எடுத்துச் சொன்னேன். ரெத்தினமும் அவள் தங்கை லில்லியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருமைநாயகம் உடனே, "செயலாளர் சொல்லுததுதான் சரி" என்றார். என் பேச்சை அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

மாலையில் சீட்டுகளை வெட்டி, பெயர் எழுதி, நான்காய் மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

போதகரம்மா ஜெபித்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நான்காவது ரெத்தினம். ஏழாவது லில்லி. பன்னிரண்டாவது அருமைநாயகம். என் பெயர் வரவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அருமைநாயகம் என் தோளில் கை போட்டார். "தேவ சித்தம் வே. ஆனா உம்ம குறிப்பு இல்லாம நாங்க ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம். அத நீரு முடிச்சுக் குடுக்கணும்."

முடித்துக் கொடுப்பதாகச் சொன்னேன்.

வீட்டில் ரெத்தினத்திடம், "நீ போகணும்னு கட்டாயம் இல்ல. உன் இடத்த விட்டுக்குடுத்தா வேற யாராச்சும்..." என்று தொடங்கினேன்.

"திருவுளச்சீட்டுல வந்தத எப்பிடி வேண்டாம்னு சொல்லுதது?" என்றாள். நியாயம்தான்.

பிப்ரவரி 12, திங்கள்

ஒரு சின்ன விஷயம். டின்னைக் கழுவி வைக்கலாம் என்று திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

பதின்மூன்று போட்டு, பன்னிரண்டு எடுத்தால், ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

என் பெயரை எழுத மறந்திருப்பேன். வயதாகிவிட்டது. போன மாதம் குடையை வங்கியில் விட்டுவிட்டு வந்தேன் அல்லவா.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஒரு முழுத் தாளைக் குறுக்கே ஏழாகவும் நெடுக்கே இரண்டாகவும் வெட்டினேன். பதினான்கு துண்டு. எழுதாத துண்டு மேசை இழுப்பறையில் ஒன்றுதான் இருக்கிறது. அப்படியானால் பதின்மூன்று எழுதியிருக்கிறேன். பெயர்ப் பட்டியலிலும் பதின்மூன்றுக்கும் டிக் போட்டிருக்கிறது, என் பேனாவால். கூட்டத்தில் எங்காவது விழுந்திருக்கும்.

பிப்ரவரி 15, வியாழன்

அருமைநாயகம் வீட்டுக்குத் தொப்பிகள் வந்திருக்கின்றன. நீல நிறம், முன்பக்கம் நங்கூரம், பின்பக்கம் அவரவர் பெயர். ரெத்தினம் போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. சொன்னேன்.

மொத்தம் பன்னிரண்டு தொப்பி. தூத்துக்குடியில் பெயர் தைத்து வர எட்டு நாள் ஆகும் என்று போன மாதம் அவரேதான் சொன்னார். சீட்டு எடுத்து நாலு நாள்தான் ஆகிறது. கடையில் இப்போது புது இயந்திரம் வந்திருக்கலாம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

லில்லி வந்திருந்தாள். கணவர் போன பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் இங்கேதான். நான் வராந்தாவில் பதினேழாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன் (இறங்குவதற்குப் படகு பிடிக்கும் துறைமுகங்களில் வழுக்காத செருப்பு). அடுப்படிப் பேச்சு கேட்டது.

"அத்தான் முகம் வாடிப் போச்சுக்கா."

"வாடட்டும். கொடைக்கானல் போனப்ப கேட்டைப் பூட்டினமான்னு வத்தலக்குண்டுலருந்து திருப்பிக் கூட்டிட்டு வந்தாரே, அப்ப எம் முகம் எப்பிடி இருந்துச்சுன்னு யாரு பார்த்தா? நாலு நாளு, லில்லி. நாலே நாளு. இது இன்னதுன்னு யாரும் சொல்லாம, நானா ஒரு தடவை கண்ணால பார்க்கணும்."

எதைப் பற்றி என்று சரியாகத் தெரியவில்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தது.

கொடைக்கானல் பயணத்தில் கேட் பூட்டித்தான் இருந்தது. ஆனால் பூட்டியிருக்கிறது என்பது திரும்பி வந்து பார்த்ததால்தானே தெரிந்தது?

மார்ச் 9, சனி

குறிப்புகளிலேயே முக்கியமானதை இன்று எழுதினேன். பத்தொன்பதாம் பக்கம். நகல்:

"கப்பல் மணியே மணி. சிங்கப்பூரில் ஏறியதும் கைக்கடிகாரத்தைக் கப்பல் மணிக்குத் திருப்பிவிட்டு, பிறகு தொடவே கூடாது. புக்கெட்டில் கரையில் உள்ள கடிகாரங்கள் கப்பல் மணிக்கு ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும். கரைக் கடிகாரத்தை நம்பி நாலு மணிப் படகுக்கு வருகிறவர், வெறும் கடலைத்தான் பார்ப்பார். கப்பல் எவருக்காகவும் காத்திராது. பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கும், பிறகு போய்விடும்."

ரெத்தினத்துக்கு வாசித்தேன். படுக்கப் போகுமுன் மறுபடியும் வாசித்தேன். இது உயிர்நாடி என்பதால் இனி வாரம் ஒரு முறை வாசிப்பதாக இருக்கிறேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். விடியற்கால ஆராதனை. பிரியாணி. என் கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

குறிப்பு ஒன்பது: மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும். ரெத்தினத்தின் பழைய கண்ணாடியை அவள் பையில் வைக்க நினைத்து, பீரோவில் அதன் கூட்டைத் தேடி எடுத்தேன். கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று திறந்தேன்.

கண்ணாடிக்கு அடியில் நான்காய் மடித்த ஒரு தாள். என் மடிப்பு. பிரித்தேன். என் கையெழுத்து. என் பெயர்.

அவள் குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டது. மடித்து, இருந்தபடியே வைத்து, மூடி, பீரோவில் வைத்துவிட்டேன். கூட்டுக்குள் வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நினைவில்லை. அதுதான் மத்தியானம் முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது, "என்ன, இன்னைக்கு வாசிப்பு இல்லையா?" என்று கேட்டாள்.

தொண்டை சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 6, சனி

குறிப்பேடு முப்பத்திரண்டு தாள். ஸ்டேப்ளர் கம்பி இறங்கவில்லை. ஒரு தாளைக் குறைக்க வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்தேன். இருபது முதல் முப்பத்திரண்டு வரை எண்களைத் திருத்தி, பொருளடக்கத்தையும் வேறு எழுதி, பன்னிரண்டு பிரதிக்கும், வில்சனுக்கான ஒன்றுக்கும் மறுபடி ஜெராக்ஸ் எடுத்தேன். ஜெராக்ஸ் கடையில் வரிசை. வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

முப்பத்தொரு தாளுக்குக் கம்பி நன்றாக இறங்கியது.

ஏப்ரல் 8, திங்கள்

வேன் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டது. திருச்சியில் நாளை விமானம். பன்னிரண்டு நீலத் தொப்பிகள். அருமைநாயகம் என் குறிப்பேட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, "இதுல இருக்கதுதான் இந்த நாலு நாளும் நமக்குச் சட்டம். இதுல இல்லாதது ஒண்ணும் கிடையாது!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். போதகர் ஜெபித்தார்.

ரெத்தினம் ஏறும்போது சொன்னாள்: "ஃபிரிட்ஜுல டப்பாவுல எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன்."

திறந்து பார்த்தேன். "செவ்வாய் மதியம்." "செவ்வாய் இரவு." "புதன் மதியம்." என்னைப் போலவே எழுத்துக்கு அடியில் கோடு போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 10, புதன்

இன்று ஏறியிருப்பார்கள். "புதன் மதியம்" சாம்பார். சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

பினாங்கில் மணி வித்தியாசம் கிடையாது. இன்று ஆபத்தில்லை. நாளைதான்.

ரெத்தினத்தின் போனுக்கு ஆறு முறை அழைத்தேன். அணைந்திருக்கிறது. எல்லோருடையதும். கப்பல் ஏறியது முதல் திரும்பும்வரை விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் கப்பல் நெட்வொர்க்கில் கட்டணம் ஏறும் என்று பதினான்காம் குறிப்பில் நான்தான் எழுதியிருக்கிறேன். ஒருவர் விடாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

முருகன்குறிச்சிக்கு நடந்து போய் வில்சனின் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். காபி கொடுத்தார். "என்ன சார் விஷயம்?" என்றார். அடுத்த வருட விளம்பரத் தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலை ஒன்பது மணி. மறுபடி வில்சனிடம் போனேன். கப்பலுக்கு ஒரு தகவல் சொல்ல முடியுமா என்று கேட்டேன். சிங்கப்பூருக்குப் போன் போட்டார். பேச்சின் நடுவில், போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"அவசரம்னா மட்டும்தான் உள்ள சொல்லுவாங்களாம். என்ன அவசரம்னு கேக்காங்க. ஏதும் துக்கமா சார்?"

கரை மணி ஒரு மணி நேரம் பின்தங்கும் என்று சொல்லச் சொல்லலாம். அது குறிப்பேட்டில் இல்லையா என்று கேட்பார். அவரிடமும் ஒரு பிரதி இருக்கிறது.

"துக்கம் இல்ல" என்றேன்.

"அப்ப விடுங்க. மைக்ல சொல்லுவான்லா எல்லாத்தையும்."

மைக்கில் சொல்வார்கள். வேகமான ஆங்கிலத்தில், எல்லோரும் படகுக்கு முண்டிக்கொண்டிருக்கும்போது. அருமைநாயகத்துக்கு இடது காது கேட்காது.

பகல் 12.00. கப்பல் மணி 2.30. கரை மணி 1.30.

1.30. கப்பல் மணி 4.00. கடைசிப் படகு புறப்படும் நேரம். கரையில் இன்னும் மூன்றுதான்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. இதில் நீச்சலுக்கு என்ன இருக்கிறது? ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை. தெரியாத ஊரின் படகுத்துறையில் தொப்பியோடு நிற்கிறாள். பாஷை தெரியாது. பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வைத்துவிட்டு நகல் மட்டும் கொண்டுபோகச் சொன்னதும் நான்தான், குறிப்பு ஆறு. கப்பல் போகிறது. கன்னியாகுமரியில் பார்த்த அதே மாதிரி, தூரத்தில்.

2.00. போய்விட்டிருக்கும்.

ஏப்ரல் 13, சனி

போன் இல்லை. நல்ல செய்தி என்றாலும் வராது, கெட்ட செய்தி என்றாலும் யாருக்குச் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாது. அவசரத் தொடர்பு எண் என்று எல்லோருடைய படிவத்திலும் அருமைநாயகத்தின் எண்ணைப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பதினொன்று பத்துக்குப் போன் வந்தது. சிங்கப்பூரிலிருந்து.

"எறங்கிட்டோம். பன்னெண்டு பேரும் இருக்கோம்" என்றாள்.

எண்ணிக்கையை ஏன் சொன்னாள்?

கோயிலுக்குப் போகவில்லை. இந்த வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 16, செவ்வாய்

மதியம் வந்து சேர்ந்தார்கள். அருமைநாயகம் ரெத்தினத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது, வெயிலில்.

"வே ஞானம், உம்ம வீட்டம்மாட்ட கூட்டத்துல நான் மன்னிப்பு கேக்கணும். புக்கெட்டுல எறங்கினதும் துறையில ஒரு மணிக்கூண்டு. நான் என் வாட்ச்ச அதுக்குத் திருப்பிட்டேன். போனெல்லாம் வேற மணி காட்டுது. அது சிங்கப்பூர் மணிய விடாம பிடிச்சிக்கிட்டு நிக்கி, எல்லாரும் என் வாட்ச்சப் பாருங்கன்னுட்டேன். சாப்பாடெல்லாம் சொல்லியாச்சு. இவங்க எந்திரிச்சுட்டாங்க. கப்பல் மணிதான் மணி, உடனே கெளம்பணும்கிறாங்க. நான் சொன்னேன், அப்பிடி ஒண்ணு இருந்தா ஞானம் எழுதாம விட்டிருப்பானா? புஸ்தகத்த எடுத்து எல்லாரும் பொரட்டுதோம். இல்ல. அவன் எழுதலைன்னா அப்பிடி ஒண்ணு உலகத்துலயே கெடயாதுன்னு நான் அடிச்சுச் சொல்லுதேன்."

"பெறகு?"

"பெறகென்ன, 'நீங்க இருந்து சாப்பிடுங்க, நான் போறேன்'னு நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. லில்லியும் போனா. நாங்க பின்னாலயே ஓடினோம். கடைசிப் படகு வே. கயித்த அவுத்துக்கிட்டு நிக்கான்." என் முழங்காலில் தட்டினார். "மனுசன்னா ஒண்ணு மறக்கத்தான் செய்யும். இத நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், கவலப்படாதீரும்."

அவர் கிளம்பிப் போனார். ரெத்தினம் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்தாள். டப்பாக்களைத் திறந்து, எதையெல்லாம் சாப்பிடவில்லை என்று பார்த்தாள்.

"பத்தொன்பதாம் பக்கம்" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "அஞ்சு தடவ எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கீங்க."

"ஸ்டேப்ளர் கம்பி இறங்கல" என்றேன்.

"சரி" என்றாள்.

அவளிடம் நான் கண்ணாடிக் கூட்டைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவளும் ஒன்று கேட்பாள்.

"கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் ஒரு டப்பாவை மூடி வைத்தாள். "நல்லா இருந்துச்சு" என்றாள். அதற்குமேல் என்னிடம் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது. அவள் கைக்கடிகாரம் இன்னும் கப்பல் மணியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் எனக்கு முன்னால்.

ஏப்ரல் 17, புதன்

பீரோவில் பார்த்தேன். கண்ணாடிக் கூடு இருக்கிறது. சீட்டு இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஐக்கியக் கூட்டம். கப்பல் கதைகளே ஒரு மணி நேரம். நவம்பரில் கங்கையில் நதிக்கப்பல் என்று முடிவாயிற்று. மறுபடி ஆறு அறை, பன்னிரண்டு இடம். மறுபடி திருவுளச்சீட்டு, அடுத்த ஞாயிறு. குறிப்புகளை நான் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அருமைநாயகம் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். "இந்தத் தடவ ஒண்ணும் விட்டுராதீரும்."

மே 4, சனி

மாலையில் தாளை வெட்டினேன். பதினான்கு துண்டு. ரெத்தினம் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பெயர் எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதும்போது வாய்விட்டுச் சொன்னேன், அவளுக்குக் கேட்கும்படி. என் பெயரை எழுதவில்லை, சொல்லவுமில்லை. எழுதாத இரண்டு துண்டையும் பேனாவையும் டின்னுக்குப் பக்கத்திலேயே, மூடி திறந்தபடி, விட்டுவிட்டு எழுந்தேன்.

அவள் பார்த்தாள். பார்த்தாள் என்பது நிச்சயம்.

மே 5, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்முன் எண்ணிப் பார்த்தேன். மேசைமேல் வெற்றுத் துண்டு இரண்டு. டின்னில் பன்னிரண்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன்.

பன்னிரண்டுதான்.